டீசல் குடித்த வெள்ளைக் கார்

போன வாரம் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் மூன்று பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். மறந்தவர்களுக்காக ஒரே வரி: மருமகளுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. அந்தப் பதவி இருக்கிற இடத்துக்கு பஸ் கிடையாது. அதனால் கார் வாங்க வேண்டும். ஒரு வரி என்று சொல்லி மூன்று வரி ஆகிவிட்டது. இந்தக் குடும்பத்தில் எதுவும் ஒரு வரியில் முடிவதில்லை.

மருமகள் குடிநீர் இலாகாவில் தண்ணீரைச் சோதித்துச் சொல்கிறவள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அங்கே பாட்டில் பாட்டிலாக வந்து சேரும் தண்ணீரை முகர்ந்து, கலக்கி, நிறம் பார்த்து, "குடிக்கலாம்", "குடிக்கக் கூடாது" என்று சொல்ல வேண்டும். தெருவில் அவளுக்குத் தண்ணி டாக்டர் என்று பெயர். இப்போது வந்திருக்கிற பதவி, நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கே பொறுப்பாளர். போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது.

கணவன் கடைவீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பான். மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தலைமுடி கறுப்பாக இருந்தபோது பஸ்ஸில் ஏறி, வெள்ளையானபிறகு இறங்கியவர். சிநேகிதர்களுக்கு அவர் 'ஸ்டியரிங்'. பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

விலைக்கு இரண்டு கார்கள் காத்திருந்தன. இரண்டும் சின்னக் கார்கள், இரண்டும் ஒருவர் கை மாறி வருபவை. சலவைக் கடைக்காரரின் சாம்பல் நிறக் கார் டீசல். கண்ணாடிக் கடைக்கு மாடியில் இருக்கும் பல் டாக்டரின் வெள்ளைக் கார் பெட்ரோல். இருவருமே தங்கமான மனிதர்கள். "ஒரு நாள் எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். சாம்பல் வண்டியை முந்தாநாள் ஓட்டிப் பார்த்தாயிற்று. இன்று வெள்ளை வண்டியின் முறை.

"பெட்ரோல்தான்," என்றான் கணவன், காலைக் காப்பியை ஆற்றிக்கொண்டே. "டீசல் வண்டி வாங்கற விலையும் கூட, சர்வீஸ் செலவும் கூட. கொஞ்ச தூரம் ஓட்டி ஓட்டி நிறுத்தினா புகைக்குழாய்ல இருக்கற ஃபில்டர் கரி பிடிச்சு அடைச்சுக்கும். ஓடிக்கிட்டே இருந்தாத்தான் டீசல் கட்டுப்படியாகும்."

"ஓடத்தானேடா போறா!" என்றார் மாமனார். "தினமும் நூறு கிலோமீட்டர் போய் வர்றதுக்கு என்ன பேரு, உட்கார்ந்திருக்கறதா?"

"எத்தனை நாளைக்கு ஓடப்போறாங்கறதையும் பார்க்கணும்லப்பா."

மருமகளுக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. எத்தனை நாளைக்கு என்றால்? கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் மாமனார் அடுத்த கியருக்குப் போய்விட்டார்.

"பெட்ரோல் வண்டியும் ஒரு வண்டியா? ஸ்டார்ட் பண்ணினா ஆச்சா ஆகலையான்னே தெரியல. வண்டின்னா நான் இருக்கேன்னு ஒரு குரல் கொடுக்க வேணாம்?"

"குரல் கொடுக்கறதுக்கு வீட்டுல நீங்க இருக்கீங்களே," என்றான் மகன்.

பிறகு மனைவி பக்கம் திரும்பினான். கடையில் லென்சை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே குரலில், "நீ சொல்லு. இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?" என்றான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், கடை திறக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டான். அவன் கெட்டவன் இல்லை. கேட்பது அவனுக்குப் பழக்கம். பதிலுக்கு நிற்பதுதான் பழக்கமில்லை.

*

வெள்ளைக் காரின் சாவியை மாமனார் வழக்கம்போலப் பிடுங்கிக்கொள்வார் என்று மருமகள் எதிர்பார்த்தாள். சக்கரம் வைத்த எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும். மளிகைக் கடைத் தள்ளுவண்டியைக்கூட அவர்தான் தள்ளுவார். இன்றைக்கு என்னவோ, "நீதானே தினமும் ஓட்டப் போற, நீயே ஓட்டு" என்று பெருந்தன்மையாகப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்தாரே தவிர, சும்மா வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. ஒவ்வொரு சந்திலும் அவர் வாய், இல்லாத ஹாரனை அடித்தது.

"பார்த்தும்மா, நாய் படுத்திருக்கு."

"அது சிமெண்ட் சாக்கு மாமா."

"சாக்குன்னா மட்டும் ஏத்திடலாமா? எதுவா இருந்தாலும் ஒதுங்கிப் போறதுதான் நல்லது."

அவள் சிரித்துக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. இருந்தாலும் இந்தச் சாலை அவளுக்குப் பிடித்திருந்தது. நகரம் மெல்ல மெல்ல உதிர்ந்து, கிடங்குகள் போய், வெட்டவெளி வந்து, கடைசியில் ஒரு மேட்டில் ஏறினால் நீர்த்தேக்கம் மொத்தமும் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. வெள்ளைக் கார் சத்தமே போடாமல் மேட்டில் ஏறிவிட்டது. மாமனார் அதை மெச்சவில்லை. ஆனால் குறையும் சொல்லவில்லை, அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய பாராட்டு.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்ததும் குளோரின் வாசனை வரவேற்றது. மற்றவர்களுக்கு மூக்கைச் சுளிக்கத் தோன்றும். அவளுக்குப் பசியெடுத்த வேளையில் சமையலறைப் பக்கம் போனதுபோல் இருந்தது. மாமனாரை வாசலில் காவலாளியோடு பேச விட்டுவிட்டு, தொட்டிகளுக்கு நடுவே இருந்த நடைபாதையில் நடந்தாள். ஒரு முனையில் கலங்கலாக உள்ளே வந்த தண்ணீர், படிகாரம் கலந்து, மெதுவாகச் சுழன்று, அழுக்கெல்லாம் அடியில் தங்க, மணல் படுகையில் இறங்கி, மறுமுனையில் பளிங்காக வெளியே போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருடம் இதை அவள் பாட்டிலில்தான் பார்த்திருக்கிறாள். கெட்டுப்போன தண்ணீர் பாட்டிலில் வந்தால் "கெட்டுப்போச்சு" என்று சொல்லலாம், அவ்வளவுதான். இங்கே நின்றால் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலை தனக்கு வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. தெரிந்ததும் பயமாகவும் இருந்தது.

மாடி அறையில் இருந்த இலாகா கண்காணிப்பாளர், இந்தப் பதவிக்குப் பெயர் சொல்லி அனுப்புகிறவர், புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"வாங்கம்மா. கண்ணாடி எப்படி இருக்கு? உங்க வீட்டுக்காரர் கைவண்ணம்."

"உங்களுக்கு நல்லா இருக்கு சார்."

"நல்ல மனுஷன். பேசிக்கிட்டே வேலை பார்க்கறார், நேரம் போறதே தெரியல. அவர்தான் விவரம் சொன்னார். நீங்க இங்க ஒரு வருஷம் பார்த்துட்டு, மறுபடி டவுன் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பிடறதா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவரா சொன்னாரு?"

"அவரேதான். வீட்டுல பேசி முடிவு பண்ணியாச்சுன்னு நினைச்சேன். அதுவும் நல்ல யோசனைதான், இவ்வளவு தூரம் எத்தனை நாளைக்கு அலைவீங்க? தற்காலிகப் பொறுப்புன்னே மேலிடத்துக்குச் சொல்லிடறேன். சாயங்காலம் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க."

"தற்காலிகம்னா... அப்புறம் நிரந்தரமா கேட்க முடியுமா சார்?"

"கேட்கலாம். உங்களோட சேர்ந்து பத்துப் பேர் கேட்பாங்க. இப்போன்னா உங்க பேரு மட்டும்தான் இருக்கு."

'அவர் சொன்னது தப்பு' என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் கணவன் பொய் சொன்னவனாகிவிடுவான். அதுவும் அவன் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாகவே அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு விஷயத்தை ஊரார் முன்னால் அவிழ்த்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"சாயங்காலத்துக்கு முன்னாடி நானே உங்களுக்கு போன் பண்றேன் சார்," என்று மட்டும் சொன்னாள்.

படியிறங்கும்போதுதான் காலையில் சுருக்கென்று குத்தியது என்ன என்று பிடிபட்டது. ஒரு வருடத்துக்கு டீசல் கட்டுப்படியாகாது. பெட்ரோல்தான் சரி. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்குப் போட்டவன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

*

திரும்பும் வழியில் அவள் சாலையையே பார்த்து ஓட்டினாள். மாமனார் இரண்டு முறை அவள் முகத்தைப் பார்த்தார். பிரேக் மிதிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

நகரத்து எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க். இரவல் வாங்கிய வண்டியை டேங்க் நிரப்பித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் இந்த வீட்டில் கருத்து வேறுபாடே கிடையாது.

"நீ போய் முகம் கழுவிட்டு வாம்மா. இதை நான் பார்த்துக்கறேன்," என்றார் மாமனார்.

அவள் முகம் கழுவினாள். இரண்டு முறை கழுவினாள். கண் சிவப்பு போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று வந்து வண்டியில் உட்கார்ந்தாள். மாமனார் கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி ஏறி உட்கார்ந்தார். அவள் சாவியைத் துவாரத்தில் போட்டாள்.

போட்டவள் திருப்பவில்லை.

தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்திருந்தாலும் எந்திரத்துக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிற மூக்கு அது. அதற்குத்தான் சம்பளமே.

"மாமா, உங்க கையைக் காட்டுங்க."

"என்னம்மா?"

கையை இழுத்து முகர்ந்தாள். "என்ன போடச் சொன்னீங்க?"

"வேற என்ன, டீ..." மாமனாருக்கு வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

பங்க் ஊழியர் ஓடி வந்தார். "நான் கேட்டேன் மேடம், டீசலான்னு. 'பின்ன, தண்ணியா?'ன்னாரு. துவாரம் சின்னதா இருக்கு, குழாய் உட்கார மாட்டேங்குதுன்னும் சொன்னேன். 'வெளியில பிடிச்சு ஊத்துங்க, தானா உள்ள போகும்'னாரு. போயிடுச்சு."

ஆக, பெட்ரோல் குடித்து வளர்ந்த வெள்ளைக் கார், வயிறு முட்ட டீசல் குடித்துவிட்டு நின்றது.

சாவியைத் திருப்பாமல் இருந்தது புண்ணியம். திருப்பியிருந்தால் எஞ்சின் வரைக்கும் போயிருக்கும் என்றார் பக்கத்துப் பட்டறை மெக்கானிக். டேங்க்கை இறக்கி, காலி செய்து, கழுவி மாட்டிவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் தந்துவிடுகிறேன் என்றார். பட்டறை வரைக்கும் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங் என்று பேர் எடுத்தவர் பின்னால் நின்று தள்ளினார். 

பல் டாக்டருக்கு அவளே போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "அடடா, வண்டிக்கும் மயக்க ஊசி போட்டுட்டீங்களா?" என்று அவர் சிரித்துவிட்டார். அந்த மட்டில் தப்பித்தார்கள்.

பட்டறை வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாமனார் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வருஷக்கணக்கா டீசல்லயே கிடந்தவன்ல. வாய் பழக்கம்," என்றார்.

பட்டறைக்குள் நின்ற காரின் திறந்திருந்த டேங்க் மூடியை அவள் பார்த்தாள். உட்புறத்தில் கையகலத்துக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். பெட்ரோல் மட்டும் என்று கறுப்பில், தடித்தடியான எழுத்தில் எழுதியிருந்தது. இவள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

"மூடியைத் திறந்தது நீங்கதானே மாமா?"

மாமனார் டம்ளரைக் கையில் உருட்டினார்.

"அதுல அவ்வளவு பெருசா எழுதியிருக்கே."

மாமனார் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதும்மா. என்ன எழுதியிருக்குன்னு தெரியல. மஞ்சளா ஒண்ணு, நடுவுல அழுக்கு மாதிரி ஒண்ணு. அந்த ஆள்கிட்ட படிச்சுச் சொல்லுன்னு கேட்க வெட்கமா இருந்துது. டிரைவரா இருந்தவன் இதைக் கேட்கறதான்னு. அதுக்குள்ள வாய் முந்திக்கிச்சு."

சிமெண்ட் சாக்கு அவளுக்கு ஞாபகம் வந்தது. காலையில் சாவியைக் கேட்காத பெருந்தன்மையும் ஞாபகம் வந்தது.

"ஆனா மாமா, போன மாசம்தானே அவர் உங்க கண்ணைப் பார்த்தாரு? எல்லாம் சரியா இருக்குன்னு வந்து சொன்னாரே."

மாமனார் முகத்தில், அந்த நிலைமையிலும், ஒரு திருட்டுச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அவன் சுவத்துல மாட்டியிருக்கான் பாரு, எழுத்து அட்டை. தினமும் மத்தியானம் கடையில அதுக்கு எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன். வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சத்தம் போட்டுப் படிக்கறாங்க. கடைசி வரி வரைக்கும் எனக்கு மனப்பாடம். லைட்டை அணைச்சுட்டுக் கேட்டாலும் சொல்லுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்பாவின் கண்ணை மகனே பரிசோதித்து, மகன் பூரித்துப்போய், அப்பா தப்பித்துக்கொண்டு, அதைக் கேட்டு வீடே நிம்மதியாக இருந்திருக்கிறது!

"அவன்கிட்ட சொல்லிடாதம்மா," என்றார் மாமனார். குரல் இறங்கிவிட்டது. "ஆபரேஷன், சொட்டு மருந்துன்னு ஆரம்பிச்சுடுவான். அது பரவாயில்ல. வண்டியைத் தொடாதீங்கன்னுடுவான். அப்புறம் நான் யாரு? நானே சொல்றேன். கொஞ்ச நாள் போகட்டும்."

"சொல்ல மாட்டேன் மாமா," என்றாள் அவள்.

வாக்குக் கொடுப்பதில் இத்தனை அவசரம் கூடாது என்று சொல்ல நமக்கு நாக்குத் துடிக்கிறது. ஆனால் நாம் அந்தப் பெஞ்சில் இல்லையே.

பட்டறைக்குள்ளிருந்து டேங்க்கைக் காலி செய்யும் சத்தம் கேட்டது. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வாய் முந்திவிட்டது என்று மாமனார் சொன்னதையே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இவர் பிள்ளை வேறு எப்படி இருப்பான்? கண்காணிப்பாளரின் கண்ணில் லென்சை மாற்றிக்கொண்டே, மனைவியைக் கேட்கத் தைரியமில்லாததை யாரோ ஒருவரிடம் முடிவாகச் சொல்லிவிட்டிருக்கிறான். அவனை நினைத்துக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதுவும் மற்றதைக் குறைக்கவில்லை.

ஆனால் வெள்ளைக் காருக்கு நல்ல வேளையாக, சாவியைத் திருப்பாமல் நிறுத்த அவள் இருந்தாள். இவள் விஷயத்தில் சாயங்காலம் மேலிடத்திலிருந்து போன் வந்தால், திருப்பிய மாதிரிதான்.

அவள் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்க் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டாள்.

"சார், தற்காலிகம் வேண்டாம். நிரந்தரமாவே என் பேரைச் சொல்லுங்க."

"வீட்டுல..." என்று இழுத்தார் அவர்.

"வீட்டுல சொன்னது அவரோட ஆசை சார். இது என்னோட முடிவு."

மறுமுனையில் அவர் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா. அப்படியே சொல்லிடறேன். எனக்கும் சந்தோஷம்தான்," என்று குரல் வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.  

மாமனாரின் காதில் மட்டும் எந்தக் கோளாறும் இல்லை என்பது அப்போது தெரிந்தது.

"நிரந்தரம்னா," என்றார், ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "டீசல்தான்!"

*

கணவன் கடையை அடைத்துவிட்டு வந்தபோது வீட்டில் விளக்குப் போட்டாயிற்று. பல் டாக்டர் மாடியிலிருந்து இறங்கும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார் போலும், சிரித்துக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினான்.

"என்னப்பா, டீசல்தான் வேணும்னு அடம்பிடிச்சீங்க. பெட்ரோல் வண்டிக்கே ஊத்தி நிரூபிச்சிட்டீங்களே!"

"பழக்க தோஷம்டா," என்றார் மாமனார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"பழக்கம்தாங்க," என்றாள் மருமகளும். அந்த ஒரு வார்த்தையில் அவளும் பொய்க்கு உடந்தை ஆனாள்.

பிறகு கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். கேட்டா பதில் சொல்ற வரைக்கும் எழுந்து போகக் கூடாது."

அவன் சிரிப்பு நின்றது.

"நான் ஒரு வருஷத்துல திரும்பி வந்துடுவேன்னு கண்காணிப்பாளர்கிட்ட சொன்னீங்களா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். மாமனார் எழுந்து போகப் பார்த்தார். "நீங்களும் இருங்க மாமா," என்றாள் அவள். உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னேன்," என்றான். "அவர் பேச்சுவாக்குல கேட்டாரு. நானும் பேச்சுவாக்குல சொல்லிட்டேன். முடிவு பண்ணி சொல்லல."

"அவர் முடிவாத்தான் எடுத்துக்கிட்டாரு."

"நீ அவ்வளவு தூரம் போயிட்டா..." அவன் நிறுத்தினான். பூசி மெழுக வார்த்தை தேடினான். கிடைக்கவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னான். "நான் கடையை மூடிட்டு வர்றப்போ விளக்கு எரியும். நீ இருப்ப. அது எனக்குப் பழகிடுச்சு. நீ இல்லாத வீட்டுக்குள்ள நுழையணும்னு நினைச்சாலே என்னவோ பண்ணுது. ஒரு வருஷம்னா தாங்கிக்கலாம்னு தோணிச்சு."

"இதை என்கிட்டல்ல சொல்லியிருக்கணும்?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "நீங்க சொன்னா நான் கேட்டிருப்பேன். கேட்டுட்டு, அப்பவும் போறேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா உங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பேச வேண்டியதை நீங்க பேசினீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல."

 அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான்.

"தப்புதான்," என்றான். "நாளைக்கு நானே போய் அவர்கிட்ட..."

"நானே பேசிட்டேன். நிரந்தரம்னு சொல்லிட்டேன்."

அவன் மெல்லத் தலையாட்டினான். தோற்றவன் முகமாக அது இல்லை. பாரத்தை இறக்கிவைத்தவன் முகமாக இருந்தது.

"அப்போ வருஷக்கணக்கா தினமும் நூறு கிலோமீட்டர்," என்று முனகினான். "பெட்ரோல் சரிப்பட்டு வராது. சலவைக் கடைக்காரருக்கு இப்பவே சொல்லிடறேன். சாம்பல் வண்டியையே எடுத்துக்குவோம்."

 இவ்வளவு நாள் இழுத்த விஷயம் இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று மாமனாரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

கணவன் போனைக் கையில் எடுத்தான். எடுத்தவன் நிமிர்ந்தான்.

"ஆனா ஒண்ணே ஒண்ணு. இதையும் பேச்சுவாக்குல சொல்லல, உன்கிட்டயே கேட்கறேன். பொறுப்பாளர்னா வாரத்துல பாதி நாள் இருட்டினப்புறம்தான் கிளம்ப முடியும். அந்தச் சாலையில விளக்குக் கிடையாது. நீ இப்பத்தான் ஓட்டக் கத்துக்கிட்ட. அதனால இருட்டு வேளையில வண்டியை அப்பா ஓட்டட்டும். அவருக்கும் ஒரு வேலை ஆச்சு, எனக்கும் நிம்மதி. இவர் கண்ணு இன்னும் கழுகுக் கண்ணு. போன மாசம் நானே சோதிச்சுப் பார்த்தேன். கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்துகூடத் தடுமாறல. என்னப்பா?"

 மாமனாரின் கண்கள் மெதுவாக மருமகள் பக்கம் திரும்பின. அந்தக் கண்களுக்கு அவள் முகம் எந்த அளவுக்குத் தெரிந்ததோ தெரியாது.

"நீ சொல்லு," என்றான் கணவன். இந்த முறை எழுந்து போகவில்லை. பதிலுக்காக உட்கார்ந்திருந்தான்.

தன் பேச்சை இன்னொருவர் பேசக் கூடாது என்று இப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். அந்தச் சூடுகூட ஆறவில்லை. அதற்குள் இரண்டு பேரும், ஒருவர் நம்பிக்கையோடும் ஒருவர் பயத்தோடும், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.